பழைய காக்கியிலிருந்து 1942 படையுடுப்பு: யாழ்ப்பாண மேடைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அந்த யுத்த காலத்தில்தான் பிரித்தானிய விமானப்படை பலாலியில் விமானத்தளம் அமைத்தது. அந்த நாட்களை நாடகமாக்குகிற பாடசாலைகளும் மன்றங்களும் வசனத்துக்குக் கொடுக்கிற கவனத்தை உடுப்புக்குக் கொடுப்பதில்லை. சிப் வைத்த, பளபளக்கிற பொலியெஸ்டர் காக்கியில், இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கிற களிசானோடு ஒருவர் மேடையேறினால் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் இன்றைய பொலிஸ் உத்தியோகத்தர்தான். எத்தனை சின்னம் குத்தினாலும் அது மாறாது.

முதலில் துணி, பிறகு வெட்டு, பிறகு தெறி, கடைசியில் சின்னம். இந்த வரிசையில் வேலை செய்தால் பழைய காக்கி வேலையுடுப்போ, வெளிநாட்டுச் சேர்பிளஸ் கடையில் (படைகளின் மிச்சப் பொருட்களை விற்கும் கடை) வாங்கிய பழைய பருத்தி உடுப்போ எதுவானாலும் 1940களின் வெப்பநாட்டுப் படையுடுப்பாக்கலாம். தைக்கத் தெரிந்த ஒருவரும் ஒரு சாதாரணத் தையல் மெசினும் போதும். ஆளுக்கு ஒரு சேட்டு, ஒரு கட்டைக் களிசான் என்று கணக்கு வைத்து, மேடையேற்றத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

ஊசி எடுக்கமுன் அனுமதி

இலங்கைப் பொலிஸ் இன்றும் காக்கிதான் அணிகிறது. படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு படையுடுப்பை அணிவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். நாடகத்துக்கு அந்த எண்ணம் இல்லை என்பதை எழுத்தில் முன்கூட்டியே காட்டுவது உங்கள் பொறுப்பு. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம், பிரதேச செயலகத்துக்கு அதன் பிரதி. நாடகத்தின் பெயர், நாள், இடம், எத்தனை உடுப்பு, அவை 1940களின் மாதிரி என்ற விளக்கம், ஒரு படம். கையெழுத்தான பிரதி உடுப்புப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் செய்வதானால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேறாக வேண்டும்.

உருமறைப்புத் துணியை எந்தக் காரணத்துக்கும் தொடவேண்டாம். இன்றைய இராணுவ, பொலிஸ், மாணவர் படையணி உடுப்புகளை வெட்டித் திருத்தவும் வேண்டாம். மரத்தில் செய்த துவக்கு மாதிரியும் கடிதத்தில் குறிப்பிடாமல் வெளியே போகக்கூடாது. பெரும்பாலான காட்சிகளுக்குத் துவக்கு தேவையே இல்லை. தோளில் ஒரு பையும் கையில் ஒரு கோப்பும் போதும்.

உடுப்பைப் பையில் கொண்டுபோய் ஒப்பனை அறையில் மட்டும் மாற்றுங்கள். தேத்தண்ணிக் கடைக்குப் போகிற ஐந்து நிமிடத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கக்கூடாது. இதைவிட முக்கியமான இன்னொன்று: சீருடையோடு ஒரு நடிகரும் பார்வையாளருக்குப் பின்னாலிருந்து வரக்கூடாது. சீருடையைக் கண்டு உடல் நடுங்கிய அனுபவம் உள்ளவர்கள் இந்த மண்ணின் ஒவ்வொரு மண்டபத்திலும் இருக்கிறார்கள். படையுடுப்பு மேடைக்கு வரும் என்பதை நாடகம் தொடங்கமுன் ஒலிவாங்கியில் சொல்லிவிடுங்கள். நாடகத்தின் விறுவிறுப்பு குறையும் என்று சிலர் தயங்குவார்கள். குறைந்தாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும்.

எதை வாங்குவது

நூறு வீதப் பருத்தி, சரிவான வரி ஓடும் ட்றில் நெசவு, சதுர மீற்றருக்கு 200 முதல் 250 கிராம் எடை. இந்த மூன்றும் இருந்து, நிறம் வெளிர்ப்பாகவும் இருந்தால் கவலை வேண்டாம், காக்கி நிறம் பிறகு வரும். பழைய சாரணர் கட்டைக் களிசான், பருத்திக் காக்கி வேலையுடுப்பு, உறவினர் லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ கொண்டுவரக்கூடிய 1950கள், 60களின் ஐரோப்பியப் பருத்திச் சேர்பிளஸ் சேட்டுகள், களிசான்கள் எல்லாம் நல்ல அடிப்படை. ஆனால் வெளிநாட்டுப் படை உடுப்பைப் பொதியாக வரவழைக்கமுன் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதற்குமுன் காசு கட்டவேண்டாம்.

அளவில் இரண்டு படி பெரியதாக எடுங்கள். இக்காலக் களிசானின் இடுப்பு தாழ்வு, தொடை ஒடுக்கம். அந்தக் காலத்துக் களிசான் தொப்புள் மட்டத்தில் நின்றது, கால் அகலமாக விரிந்தது. சரியான அளவில் வாங்கிய களிசானை 1942க்குக் கொண்டுபோக வழியே இல்லை.

கடையில் ‘கொட்டன்’ என்று சொன்னால் நம்பவேண்டாம். உள்மடிப்பிலிருந்து ஒரு அங்குல நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுப்பான கடினக் குண்டுமணியாகும். இரண்டும் தெரிந்தால் அது கலப்பு. கலப்புத் துணியில் பருத்தி இழை மட்டும்தான் சாயம் பிடிக்கும், நிறம் வெளிறித் திட்டாக நிற்கும். மேடை விளக்கில் பளபளப்பும் போகாது. எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாங்கிய உடுப்பின் உட்பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியும் 1940களின் ஆண்டும் முத்திரையிடப்பட்டிருந்தால் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அது பிரித்தானிய அரச உடைமையின் அடையாளம், அந்த உடுப்பு உண்மையான சான்று. அதன் தையலைப் படமெடுத்து, அளவெடுத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அதைப் பார்த்து வேறொன்றைத் தையுங்கள். மூலத்தை வெட்டிவிட்டால் திரும்பப் பெறமுடியாது.

பிரித்தல், கழுவல்

தெறி, சிப், பின் பொக்கற், பளபளக்கும் நூலால் போட்ட வெளித்தையல் எல்லாவற்றையும் சாயத்துக்கு முன்பே பிரித்துவிடுங்கள். பொக்கற்றைச் சாயத்துக்குப் பிறகு பிரித்தால் அதன் அடியில் பழைய நிறத்தில் ஒரு சதுரம் தெரியும். வெளித்தையலில் இருப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர் நூல். அது சாயம் எடுக்காது, உடுப்பு முழுக்க வெளிர்க் கோடுகளாகத் தெரியும்.

பிறகு சுடுதண்ணீரில் சவர்க்காரத்தோடு இரண்டு முறை கழுவிக் காயவிடுங்கள். பருத்தி ட்றில் முதற் கழுவலில் சுருங்கும், 30 அங்குல நீளத்தில் ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை போகலாம். கழுவாமல் வெட்டித் தைத்த உடுப்பு, முதல் மேடையேற்றத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நடிகருக்குச் சின்னதாகிவிடும்.

சாயம்: கிணற்றுத் தண்ணீரில்தான் சிக்கல்

குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். அதனால் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். அதில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், சலவைச் சோடா போட்டால் வெள்ளைப் படிவு இறங்கும், சவர்க்காரம் நுரைக்காமல் துணியில் பிசுக்காக ஒட்டும், தேயிலைச் சாற்றில் மேலே ஏடு படியும். முதன்முறை சாயமிட்டவர்கள் ‘சாயம் சரியில்லை’ என்று குறை சொல்கிற இடம் இதுதான். சாயத் தண்ணீருக்கு மழைநீரையோ வடிகட்டிய குடிதண்ணீரையோ பாவியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு பீப்பாய் பிடித்து மூடி வைத்தால் ஒரு முழுக் குழுவுக்கும் போதும். முதற் கழுவலுக்கும் கடைசி அலசலுக்கும் கிணற்றுத் தண்ணீர் பாதகமில்லை.

எந்த நிறம்? அந்தக் காலக் காக்கி ஒரே நிறமல்ல. பிரித்தானியாவில் நெய்தது, இந்தியாவில் நெய்தது, புதியது, பலமுறை வெளுத்தது என்று மணல் நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை போகும். நெடுநாள் பாவித்தது பாலேடு நிறத்துக்கே வந்துவிடும். பத்துப் பேருக்கும் ஒரே நிறம் கொடுத்தால் புதிதாகத் தைத்த கூட்டம் என்பது முதல் வரிசைக்கே தெரிந்துவிடும். மூன்று நிறம் செய்து, ஒருவருக்குச் சேட்டு ஒன்றும் களிசான் இன்னொன்றுமாகக் கலந்து கொடுங்கள். 1943, 44க்குப் பிறகு காட்டுப்பச்சை உடுப்பு வந்துவிட்டது. ஆகவே கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

சேட்டும் களிசானும் சேர்ந்து உலர்ந்த எடை 800 கிராம் அளவில் வரும். அதற்கான கணக்கு இது:

1. 80 கிராம் கடுக்காய்த் தூளை 2 லீற்றர் தண்ணீரில் ஓரிரவு ஊறவிட்டு, கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியால் வடியுங்கள்.
2. 150 கிராம் தேயிலைத் தூளை 4 லீற்றர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடியுங்கள். தூளின் ஒரு துகள் துணியில் பட்டாலும் அந்த இடத்தில் புள்ளி விழும்.
3. இரண்டு சாற்றையும் பெரிய கிடாரத்தில் சேர்த்து, மொத்தம் 16 லீற்றர் ஆகும்வரை தண்ணீர் விடுங்கள். கிடாரம் எவர்சில்வராக இருக்கவேண்டும். இரும்புச் சட்டி நிறத்தைக் கறுப்பாக்கும்.
4. துணியை நனைத்துப் பிழிந்தபின் போடுங்கள். உலர்ந்த துணி சாயத்தைச் சமமாக எடுக்காது. மெல்லிய தீயில் ஒரு மணித்தியாலம் விட்டு, விடாமல் புரட்டுங்கள். வெட்டிய துண்டுகளும் மிச்சத் துணியும் அதே கிடாரத்துக்குள் போகவேண்டும்.
5. வேறொரு வாளியில் 10 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 4 கிராம் இரும்புச் சல்பேற்று கரைத்து, துணியை ஐந்து நிமிடம் அமிழ்த்துங்கள். செந்நிறம் அடங்கிக் காக்கி வரும். உடனே இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

இரும்பைக் கூட்டினால் நிறம் நன்றாக இருக்கிறதே என்று ஆசை வரும். வேண்டாம். மிஞ்சிய இரும்பு பருத்தியை அரிக்கும், சில மாதத்தில் மடிப்பு வழியே துணி கிழியும். ஈரத்தில் நிறம் இரண்டு படி கடுமையாகத் தெரியும் என்பதால் ஒரு சிறு துண்டை ஸ்திரிக்கையால் காயவைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். காய்வது நிழலில், உட்புறம் வெளியே.

அடிக்கடி மேடையேறும் குழுவுக்குத் தேயிலைச் சாயம் தாங்காது. அவர்கள் பருத்திக்கான குளிர்ச்சாயத்தை (கொதிக்கவைக்காமலே பிடிக்கும் சாயம்) பாவிக்கலாம். 800 கிராம் துணிக்கு 16 லீற்றர் தண்ணீர், 800 கிராம் உப்பு, 200 கிராம் சலவைச் சோடா, 4 முதல் 8 கிராம் சாயம். உப்பை மூன்று பங்காக இருபது நிமிடத்தில் போட்டு முடித்தபின்தான் சோடா. முதலிலேயே சோடாவைப் போட்டால் சாயம் துணியில் பரவமுன் பிடித்துத் திட்டாகும்.

நிறத்தைக் குறைக்கக் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றுபவர்கள் உண்டு. துணி இற்றுப்போகும். வெயிலும் கழுவலும் செய்யாததைக் குளோரின் செய்யாது.

கட்டைக் களிசான்

வேலையில் பாதி இதற்குத்தான் போகும். முன்பக்கம் பழைய பட்டியின் கீழ் விளிம்பிலிருந்து கவட்டுத் தையல் வரை அளந்து பாருங்கள். இக்காலக் களிசானில் 10 அங்குலம் இருக்கும், நமக்குப் புதிய பட்டியோடு 12½ முதல் 13 வேண்டும். அந்த மூன்று அங்குலம் வெட்டிய காலிலிருந்து வரும்.

நீளக் களிசானை நடிகர் அணிந்து நிற்கையில் முழங்காற் சில்லுக்கு இரண்டு அங்குலம் மேலே சோக்கால் கோடிட்டு, மடிப்புக்கு 2½ அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு காலிலும் 16, 17 அங்குலத் துணி மிஞ்சும். ஒரு கால் முழுவதும் இடுப்புப் பட்டிக்கு. அகலம் 7 அங்குலமாக வெட்டி, இரண்டாக மடித்து, தைத்து முடிந்தபின் 3 அங்குலம் நிற்கும். பின்பக்கத்துக்கு ஒரு துண்டு, முன்பக்கத்துக்கு இரண்டு துண்டு. ஒட்டுகள் பக்கத் தையலோடு சேர்ந்து வந்தால் கண்ணுக்குத் தெரியாது. மற்றக் காலைச் சேட்டுக்கு வையுங்கள்.

பழைய பட்டியைக் கழற்றிவிட்டு, இரண்டு படி பெரிய இடுப்பில் மிஞ்சுகிற துணியை முன்பக்கம் பக்கத்துக்கு இரண்டு மடிப்பாக எடுங்கள், ஒரு மடிப்பு ஒரு அங்குலம். இன்னும் மிஞ்சினால் பின் நடுத்தையலில் பிடியுங்கள். மடிப்பு தொடைக்கு விரிவு கொடுக்கும், காலத்துக்கும் பொருந்தும். காலின் வாய்ச் சுற்றளவு 25 முதல் 28 அங்குலம் வரவேண்டும். குறைந்தால் உட்காற் தையலைப் பிரித்து, 6 அங்குல உயரமும் அடியில் 2½ அங்குல அகலமுமான முக்கோணத் துண்டு வையுங்கள்.

முன்திறப்புக்கு நான்கு தெறி, சிப் இல்லை. தெறித்துளைகளை வெளித்துணியில் போடக்கூடாது. உட்பக்கமாகத் தனிப் பட்டி வைத்து அதில் போட்டால் தெறிகள் மறைந்து நிற்கும். துளை வெளியே தெரிவதுதான் புதியவர்கள் விடும் பிழை. ஜீன்ஸ் போலச் சரிந்த பக்கப் பொக்கற் இருந்தால் அதன் வாயை மூடி, பக்கத் தையலிலேயே நேரான வாய் திறவுங்கள்.

சேட்டு

1940களின் படைச் சேட்டுகள் பல நெஞ்சுவரை மட்டுமே திறந்தன, தலைவழியே மாட்டுவார்கள். கொலரிலிருந்து 11 அங்குலம் வரை திறப்பை வைத்து, அதற்குக் கீழே இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடிவரை தையுங்கள். திறப்பின் அடியில் சிறு சதுரத் தையலும் குறுக்குத் தையலும் போடாவிட்டால் இரண்டாம் தடவை மாட்டும்போது கிழியும். தைத்து முடிக்கமுன் நடிகரின் தலையை நுழைத்துப் பாருங்கள். ஒப்பனை போட்ட பிறகு நுழையாமல் நின்றால் கொலரெல்லாம் பூச்சாகும்.

பொக்கற் இரண்டு. நடுவில் 1½ அங்குலப் பெட்டி மடிப்போடு 6 அங்குல அகலம், 6½ உயரம் வர, துணியை 10க்கு 8 அங்குலமாக வெட்டவேண்டும். மேல் மூடி 7¼க்கு 3, பொக்கற்றைவிடக் கால் அங்குலம் அகலமாக நிற்கும். தோள்பட்டி 7க்கு 3, இரண்டு மடங்கு துணி. மூடியும் தோள்பட்டியும் அந்த மிச்சக் காலில் வரும். பொக்கற் துணிக்கு அதே கிடாரத்தில் சாயமிட்ட இன்னொரு பழைய சேட்டின் முதுகுப்பக்கம் போதும்.

கொலருக்குள் ஒட்டிய விறைப்புத்துணி இருந்தால் சூடான ஸ்திரிக்கையை வைத்து, சூட்டோடு உரித்தெடுங்கள். கொலர் தளர்ந்து படியவேண்டும். வால்ப்பக்கத்தை வெட்டவேண்டாம், நீளமாகவே இருக்கட்டும். உயர்ந்த இடுப்புக்குள் செருகினால்தான் கையைத் தூக்கும்போது வெளியே வராது.

உள்தையலை ஓவர்லொக் அடித்து விடவேண்டாம். கையை முழங்கைக்கு மேலே சுருட்டும்போது அது வெளியே தெரியும். ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போடுங்கள், அங்குலத்துக்கு ஒன்பது பத்துத் தையல், பருத்தி நூல். பகற்காட்சியில் கை சுருட்டியிருக்கும். பொழுதுபட்ட காட்சியில் கையை இறக்கித் தெறி போட்டு, நீளக் களிசானும் அணிந்திருக்கவேண்டும். மலேரியாவுக்குப் பயந்து அப்படித்தான் கட்டளை இருந்தது. இந்த ஒரு மாற்றம் மேடையில் நேரத்தையும் சொல்லிவிடும்.

தெறிக்குப் பளபளப்பில்லாத கபில நிறம், நான்கு துளை, சேட்டுக்கு 15 மில்லிமீற்றர், களிசானுக்கு 17. சிரட்டைத் தெறி நன்றாகப் பொருந்தும். ஓரத்தை மணற்கடதாசியால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

காலும் தலையும்

காலுக்குக் கறுப்புத் தோல், கணுக்கால் உயரம், மூக்கில் தையல் ஓடும் சப்பாத்து. இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்புச் சப்பாத்தின் உருண்டை மூக்கு காலத்தைக் காட்டிக்கொடுக்கும். நீள மேசு தடித்த பருத்தியில் இருக்கட்டும், உதைபந்தாட்ட நைலோன் மேசு மினுங்கும். கணுக்காலில் சுற்றும் பட்டி 4 அங்குல அகலம், நாலரை அடி நீளம், நுனியில் நாடா. பழைய கம்பளிப் போர்வை கிடைத்தால் அதிலிருந்து வெட்டுங்கள். கிடைக்காமல் பருத்தியில் செய்வதானால் துணியைக் குறுக்குச் சரிவாக, 45 பாகையில் வெட்டவேண்டும். நேராக வெட்டிய பருத்தி இழுபடாது, நாலடி நடக்கமுன் அவிழ்ந்து விழும்.

இடுப்புப் பட்டி 2¼ அங்குலப் பருத்தி நாடா, பித்தளைக் கொளுக்கி. தலைக்கு, மிச்சத் துணியில் பக்கத் தொப்பி (தலையில் ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் மடிப்புத் தொப்பி) தைப்பதுதான் மலிவும் எளிதும். இரும்புத் தொப்பி வேண்டுமானால் கடதாசிக் கூழில் செய்து, மங்கலான பூச்சில் சலித்த மணலைக் கலந்து அடியுங்கள், உண்மையானதன் சொரசொரப்பு வரும்.

சின்னம் குறையக் குறைய நல்லது. சாதாரணச் சிப்பாய்க்கு ஒன்றுமே வேண்டாம். கோப்பரலுக்கு வெள்ளை நாடாவில் V வடிவில் இரண்டு கோணம், அதையும் கழற்றக்கூடியதாகக் கொளுக்கியில் வையுங்கள். அந்த உடுப்பு அடிக்கடி வெளுப்புக்குப் போனதால் சின்னங்களைக் கழற்றி மாட்டினார்கள். யாழ்ப்பாணத் தெருவைக் காட்டும் காட்சிக்குச் சிப்பாயைவிட விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைச் சேவையின் தொண்டரே பொருத்தம். சாதாரண உடுப்பு, கையில் ஒரு பட்டி, தலையில் இரும்புத் தொப்பி. செலவும் அனுமதிச் சிக்கலும் குறையும்.

கஞ்சியும் பாதுகாப்பும்

தளத்தில் இருந்த படையினரின் காக்கி கஞ்சி போட்டு விறைப்பாக நின்றது. புழுதி அப்பிப் பழசாக்கவேண்டும் என்று செம்மண்ணைத் தேய்க்கவேண்டாம், அந்தக் கறை பிறகு போகாது. இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவை ஒரு லீற்றர் தண்ணீரில் கட்டியில்லாமல் காய்ச்சி, நாலு லீற்றராக்கி, உடுப்பைத் தோய்த்து, அரை ஈரத்தில் ஸ்திரிக்கை போடுங்கள். களிசானின் முன்மடிப்பு கத்தி ஓரமாக நிற்கும்.

மேடை முடிந்த அன்றே கஞ்சியைக் கழுவிவிடுங்கள். கஞ்சியோடு அலுமாரிக்குள் போன உடுப்பைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் துளைத்துவிடும். உப்பு வியர்வை பித்தளையைப் பச்சையாக்கும், ஆகவே கொளுக்கிகளைத் துடைத்து, கடதாசியில் தனியாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு உடுப்பிலும் நடிகரின் அளவு, சாயக் கணக்கு, இரும்பு எத்தனை கிராம் என்பதை எழுதிய துணித் துண்டு ஒன்றைத் தைத்துவிட்டால், அடுத்த முறை கிழிந்த பொக்கற்றுக்கு அதே நிறத்தில் துண்டு செய்யலாம். மாரி முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி மடித்து வையுங்கள்.